நாற்பத்தெட்டு வினாடி

கணவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டும் அவர் மனைவி டிரைவரம்மா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"அடிப்பாவி! என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

அப்போதுதான் வாசலில் கால் வைத்த அக்கா, அதாவது அவருடைய உடன்பிறந்த அக்கா, பையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடிவந்தாள். கரண்ட் இல்லை. ஹாலில் கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் கீங் கீங் என்று கத்திக்கொண்டிருந்தது.

"தொடாதீங்க அண்ணி. அவரே மாத்திக்குவாரு."

இருபது வருஷம் வெல்டிங் புகையைத் தின்ற நுரையீரல் அவருக்கு. மெஷினிலிருந்து மூக்குக்கு ஒரு நீளக் குழாய். டாக்டர் சொன்னபடி அதோடேயே வாசல்வரை போய்த் திரும்பி நடப்பார். கரண்ட் போனால் மட்டும் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் நிற்கும் சிலிண்டரில் மாட்டி, சாவியால் திறக்க வேண்டும்.

இப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது.

"நாப்பத்தெட்டு செகண்டு," என்றாள் டிரைவரம்மா. கட்டியிருந்த கையைப் பிரித்தால், இரண்டு புஜத்திலும் அவள் நகமே பதிந்திருந்தது.

"ஓட்டப்பந்தயமா நடத்துறே இங்க? நேத்து எவ்வளவு, முந்தாநேத்து எவ்வளவுன்னு எழுதி வேற வெச்சிருக்கியா?"

எழுதித்தான் வைத்திருந்தாள். போன மாதம் பத்து நிமிஷம் கரண்ட் போனபோது மனுஷனுக்குக் கை கால் ஓடவில்லை, அவள்தான் மாட்டிவிட்டாள். இந்த வாரமோ தினம் ஒரு தடவை போய்த் தொலைத்தது. முதல் இரண்டு நாள் பதறிக்கொண்டு ஓடினாள். மூன்றாம் நாள், "கிட்ட வராதே!" என்று கண்ணாலேயே அதட்டி நிறுத்திவிட்டார்.

"திங்கட்கிழமை டியூட்டியில சேரணும் அண்ணி. மூணு மாச லீவு முடிஞ்சுபோச்சு. போகலன்னா என் பஸ்ஸை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"கொடுக்கட்டுமே! பஸ் ஓட்ட ஊர்ல ஆளா இல்ல? அஞ்சு நாளா தினமும் கரண்ட் போகுதுன்னு நீதானே ஃபோன்ல சொன்னே, இவனைத் தனியா விட்டுட்டு ஸ்டியரிங் பிடிக்கப் போறாளாம்! இப்பவே ஃபோன் போடு. வேலை வேண்டாம்னு சொல்லு."

எவ்வளவு பெரிய வண்டியையும் குறுகல் சந்தில் திருப்பிக் காட்டுகிற டிரைவரம்மா, இந்த விஷயத்தில் பாதி தோற்றுப்போயிருந்தாள். அந்த நாற்பத்தெட்டு வினாடியும் போய்ப் போய் வந்தது அவள் உயிர்தானே.

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

"பார்த்தியா, அவங்களுக்கு மட்டும் கரண்ட்! கேட்க ஆளில்லாத வீடுன்னா எல்லாருக்கும் இளக்காரம்!" அக்கா கரண்ட் ஆபீசுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரிலும் போட்டாள். பிறகு எதிர்முனையில் இருந்தவனைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

"அம்மா, கொஞ்சம் மூச்சு விடுங்க," என்றான் அவன். "உங்க தெருவுல இந்த வாரம் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகல. உங்க வீட்டு மெயின் சுவிட்ச்சை முதல்ல பாருங்க."

மெயின் சுவிட்ச் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. அக்கா கதவை இழுத்துப் பார்த்தாள். கீழே இறங்கியிருந்த சுவிட்ச்சை மேலே தள்ளினாள். ஃபேன் சுற்றியது.

அவ்வளவுதான், அவள் கண் சிவந்துவிட்டது.

"நீதானாடி? வேலைக்குப் போறதுக்காக என் தம்பி உயிரை வெச்சு விளையாடுறியா?"

"ஐயோ, சத்தியமா நான் இல்ல அண்ணி! நான் அடுப்படியில இருந்தேன். மெஷின் கத்தின பிறகுதான் ஓடிவந்தேன்!"

"வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேர்! அவன் மூக்குல குழாயோட கிடக்கிறான். பின்னே பேயா வந்து அமுக்குச்சு?"

டிரைவரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னங்க, நீங்களாவது சொல்லுங்க..."

கட்டிலில் இருந்தவர் சிலிண்டரைத் தட்டினார். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அவளைத் திட்டாதேக்கா." ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினார். "திங்கட்கிழமை அவ வண்டி எடுக்கணும். எனக்காக ஒருத்தி வீட்டுல முடங்கிக் கிடக்க வேண்டாம். தனியா மாட்டிப் பழகுறேன்னு முன்னாடியே சொன்னா, சாவியைக் கையில வெச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவா."

அக்காவையும் மனைவியையும் மாறி மாறி முறைத்தார்.

"தினமும் நடக்கிற சாக்குல மெயினை ஆஃப் பண்றதும் ஆன் பண்றதும் நான்தான். நாளைக்கும் பண்ணுவேன்!"