சம்மந்திக்கு ஆவுளியா

"முல்லைத்தீவிலையிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸிலை குலுங்கி வந்தது இதுக்குத்தான், ஐயா. ஆவுளியா இறைச்சியாம்! கெதியா வாங்கோ, முடியப்போகுது!"

மாப்பிள்ளைப் பகுதி ஆள் ஒருவன் இப்படிச் சொல்லிக்கொண்டு கிறிஸ்தோப்பர் வீட்டுக் கலியாணப் பந்தலுக்குள் ஓடினான். வாசலில் நின்ற சின்னராசாவுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

சின்னராசா மீன்பிடி இலாகாவின் ஆராய்ச்சிக்காரர். கொழும்பிலிருந்து நாச்சிக்குடாவுக்கு வந்து, கரையோரம் புல் மேயும் கடற்பசுக்களை, அதுதான் இந்த ஆவுளியாக்களை, ஆராய்கிறவர். போன மாதம்தான் மீனவர் கிறிஸ்தோப்பரின் வள்ளத்தில் இருந்துகொண்டு கெஞ்சாக் குறையாகச் சொல்லியிருந்தார்.

"அந்த வால் வெட்டுப்பட்ட பெட்டையைக் கண்டீரோ? அது இந்தக் கடலிலை பிறந்ததில்லை. இராமேஸ்வரப் பக்கம் நிண்டது. அங்கத்தைச் சிநேகிதன் ஒருத்தன் எனக்கு அடையாளம் சொன்னவன். இங்கை மிஞ்சிக் கிடக்கிறதெல்லாம் ஒரு தாய் வழி. தங்களுக்குள்ளேயே கூடிக் கூடிக் கன்று தங்குதில்லை. புது இரத்தம் வந்தால்தான் வம்சம் தேறும். இப்ப அது கன்றோடை நிக்குது. அதைத் தொடாதையும்."

கிறிஸ்தோப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கடை ஊர்க் கதைபோலக் கிடக்கு, ஐயா! இங்கையும் எல்லாரும் மச்சான் மச்சாள்தான். ஒவ்வொரு கலியாணத்துக்கும், சொந்தத்துக்குள்ளை கட்டச் சுவாமியாரிட்டை விலக்குக் கேட்டு, அவரும் களைச்சு நாங்களும் களைச்சுப் போனம். அதுதான் என்ரை சுசிலாவுக்கு முல்லைத்தீவிலை மாப்பிள்ளை எடுத்தனான்."

"பகிடி விடாதையும். தடுக்க இன்னும் ஒரு சட்டமும் வரேல்லை. உம்மடை வாக்கைத்தான் நம்பியிருக்கிறன்."

"என்ரை வலை அதிலை படாது, ஐயா."

அந்த வாக்குத்தான் இப்போது கறியாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"கிறிஸ்தோப்பர்! உம்மடை வாக்குத் தண்ணியிலை எழுதினதோ?"

கிறிஸ்தோப்பர் அகப்பையோடு நிமிர்ந்தார். ஐயாவைப் பார்த்தார். இலைக்கு முன்னால் மலைபோல இறைச்சியோடு இருந்த சம்மந்தி ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார்.

"வலை போட்டனான் ஐயா. பட்டுது. அடிச்சனான்."

"எதை? வால் வெட்டுப்பட்டதையோ?"

"அதைத்தான்."

"கன்று?"

"அதுவும் சட்டிக்குள்ளைதான்."

"தாயும் கன்றுமோ!" ஞானப்பிரகாசம் தொடையில் தட்டினார். "சம்மந்தி எண்டால் இப்பிடி இருக்கோணும்! நீங்கள் ஏன் ஐயா துள்ளுறியள்? எங்கடை கடலிலை ஆவுளியா இல்லை. பேரைத்தான் கேட்டிருக்கிறம், வாயிலை வைச்சதில்லை. அது இல்லாத பந்தியிலை கை நனைக்கமாட்டம், பொம்பிளையையும் கூட்டிக்கொண்டு போகமாட்டம் எண்டு கலியாணப் பேச்சிலேயே சொல்லிப்போட்டன்."

"நீரெல்லாம் ஒரு மனுசன்!" என்று கிறிஸ்தோப்பரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சின்னராசா திரும்பினார்.

கிறிஸ்தோப்பரின் மனைவி புனிதமலர் குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, எங்களை எவ்வளவும் ஏசுங்கோ. பிள்ளையின்ரை கலியாண வீட்டிலை சாப்பிடாமல் மட்டும் போகாதையுங்கோ. ஒரு வாய்."

அவளுக்குப் பின்னால் மணப்பெண் சுசிலா கண்கலங்கி நின்றாள். அந்த முகத்துக்காகச் சின்னராசா இருந்தார்.

பக்கத்து இலைகளைப் பார்த்தார். நாச்சிக்குடாச் சனம் ஒன்றின் இலையிலும் இறைச்சி இல்லை. எல்லாம் மீன். 'அதுகளுக்காவது வெட்கம் இருக்கு' என்று நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்தோப்பரின் கூட்டாளி, துணுக்காய்க் கமக்காரன் இளையதம்பி, தன் பயிர்க்காவல் துவக்கைப் பந்தல் காலில் சாத்திவிட்டு வந்து, இலையில் இறைச்சியைப் போட்டார். சின்னராசா கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் வைத்தார்.

நறுக்.

பல்லில் பட்டதை விரலால் எடுத்து, இலைக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். சின்ன உருண்டை. ஈயச் சன்னம்.

ஆவுளியாவுக்கு வலை போடுவார்கள், மண்டா என்ற எறியீட்டியை எறிவார்கள். துவக்கால் சுட்ட ஆவுளியாவை அவர் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை. சின்னராசா இளையதம்பியைப் பார்த்தார். இளையதம்பி பந்தல் முகட்டைப் பார்த்தார். துணுக்காய்க் காட்டுப் பன்றி ஒன்று நாச்சிக்குடாவுக்கு வந்து ஆவுளியாவாகியிருந்தது!

கிறிஸ்தோப்பரின் அகப்பை அந்தரத்தில் நின்றது. ஊர்ச் சனம் முழுக்க மெல்லுவதை நிறுத்திவிட்டு ஐயாவின் வாயையே பார்த்தது.

"என்ன ஐயா, பல்லிலை ஏதும் பட்டுதோ?" என்றார் ஞானப்பிரகாசம்.

சின்னராசா கையைப் பொத்திக்கொண்டார்.

"எலும்பு."

சொல்லிவிட்டு முன்னையிலும் பெரிதாகக் கத்தினார். "கிறிஸ்தோப்பர்! இனி ஒரு ஆவுளியாவிலை கை வைச்சுப் பாரும், நான் ஆரெண்டு காட்டுறன்! இந்தக் கடலிலை இதுதான் கடைசி ஆவுளியாப் பந்தி!"

"கேட்டியளோ, கடைசிப் பந்தியாம்!" ஞானப்பிரகாசம் தன் ஆட்களைப் பார்த்துப் பூரித்தார். "எங்களுக்குத்தான் குடுத்து வைச்சிருக்கு!"

கிறிஸ்தோப்பர் குனிந்து, ஐயாவின் இலையில் இன்னும் இரண்டு துண்டைப் போட்டார். காதோடு காதாகச் சொன்னார்:

"விடியவும் கண்டனான், கன்றோடை புல்லு மேஞ்சுகொண்டு நிக்குது. அக்கரையிலையிருந்து வாழ வந்த பொம்பிளையை ஆரும் கறி வைப்பினமோ, ஐயா?"