அப்பாவுக்குக் கால் இருக்கா?

சுவர்த் திரையில் என் பெயர் ஒளிர்ந்ததும் எங்கள் சிறை அறையே எழுந்து தட்டுகளைத் தட்டத் தொடங்கிவிட்டது. என் முறை வந்துவிட்டது!

ஒருவன் சட்டை கொடுத்தான். ஒருவன் என் தலையில் தண்ணீர் தெளித்து வகிடெடுத்தான். விசாரணைக்கு நிற்பவனை எல்லோரும் சேர்ந்து மாப்பிள்ளை மாதிரி சிங்காரிப்பது எங்கள் வழக்கம்.

"ஒழுங்கா அழு கிரிசாந்தோ. உளறிக் கொட்டி நிரபராதி ஆயிடாதடா!" என்றார் எங்கள் அறையின் 'மேயர்', கைதிகளுக்குத் தலைவரான மூத்த கைதி.

சிரித்தோம். ஆனால் பயமே அதுதான்.

புதுச் சட்டப்படி குற்றவாளிக்குத்தான் தண்டனை. தண்டனை என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. செய்யவில்லை என்று சொல்கிறவன் மறுவிசாரணைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தவன் எவனும் இதுவரை வெளியே போனதில்லை.

சும்மா ஒப்புக்கொண்டு தப்பவும் முடியாது. திருடியவனுக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்பார்கள். ஒரு திருட்டுக்கு ஒரு ஆள்தான். அவன் போனதும் அந்த வழக்கை மூடிவிடுவார்கள்.

என்னைச் சந்தேகத்தில் தெருவோடு அள்ளி வந்தார்கள். ஒப்புக்கொள்ள எனக்கென்று ஒரு குற்றம்கூடக் கிடையாது. அப்போது என் மகள் லிகாயா அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பார்க்க வரும்போதெல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் முகம் மட்டும்தான் தெரியும். போன முறை அவள் அம்மாவிடம் கேட்டாள்: "அப்பாவுக்குக் கால் இருக்கா?"

அன்று நான் அழுததைப் பார்த்து இசித்ரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் சந்தேகக் கேஸ்தான், முறை இன்னும் வரவில்லை. வேகிற அறையில் நாங்கள் அரை நிஜாரோடு கிடக்க, அவன் மட்டும் பேன்ட்டைக் கழற்றவே மாட்டான். கொசுவுக்குப் பயந்தவன் என்று கேலி செய்வோம்.

"எங்கிட்ட ஒரு திருட்டு இருக்கு, எடுத்துக்கோ. செத்துப்போன என் மச்சான் பண்ணது. அவனுக்கு இனிமே எதுக்கு?"

நவோதாஸ் மீன் சந்தை வாசலில் நின்ற ஒரு ட்ரைசிக்கிள், ஆள் ஏற்றப் பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள். வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு கரண்டியைக் காய்ச்சி என் வலது கெண்டைக்காலில் ஒரு இழுப்பு இழுத்தான். எனக்கு உயிர் போய்விட்டது.

"கத்தாதடா. மச்சானுக்கு அங்கதான் சைலன்சர் சுட்டுச்சு. வண்டிக்காரன் பார்த்துட்டான்."

புண் ஆறித் தழும்பானது. இன்று திரைக்கு முன்னால் நின்று அந்தத் திருட்டு என்னுடையது என்றேன்.

"வண்டியின் கைப்பிடியில் என்ன தொங்கியது?" என்றார் திரையில் இருந்த நீதிபதி.

"குழந்தை சாக்ஸ் ஐயா. மஞ்சள். ஒத்தை."

"வலது காலைக் காட்டு."

காட்டினேன்.

குற்றவாளி! தண்டனை ஆறு மாதம். அதற்கும் மேலே எப்போதோ இருந்தாயிற்று. உடனே விடுதலை!

அறை அதிர்ந்தது. என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். எவனோ தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளிவிட்டான். தரையெல்லாம் வெள்ளம். இசித்ரோ பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, எல்லோரையும்விட உயரமாகக் குதித்தான்.

அவன் வலது கெண்டைக்காலில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. அதே இடம். அதே சாய்வு.

நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். பேன்ட்டை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டான்.

"என்ன மொறைக்கிற? ஓடு. புள்ளைக்குக் காலைக் காட்டு."

காவலர்கள் என்னை வெளியே இழுத்தார்கள். கம்பிக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே இன்னும் தட்டு தட்டிக்கொண்டிருந்த இசித்ரோவிடம், ஒப்புக்கொள்ள இனி ஒரு குற்றமும் இல்லை.