பத்தாம் நம்பர் ஸ்பானர்

"முக்குது தம்பி. மூக்கடைச்ச மாதிரி முக்குது."

காரைக் கொண்டுவந்த பெரியவர் சொன்னதில் பிழையே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வந்தது, இழுவை வரவில்லை. பின்னால் போய் நின்றால் அழுகிய முட்டை நாற்றம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

வண்டியை மேலே ஏற்றிவிட்டு அடியில் போனேன். சைலன்சர் குழாயின் நடுவே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா இருக்கும். நச்சுப் புகையை எரித்து அனுப்புவது அதன் வேலை.

அதன் மேல்தகட்டைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பானர் தேடினேன். வழக்கம்போல் இல்லை. வாலில் பச்சை பெயின்ட் அடித்து வைத்தாலும் அந்த ஒரு நம்பர் மட்டும் என் பட்டறையில் தங்குவதில்லை. பக்கத்து டயர் கடையில் இரவல் வாங்கினேன்.

டப்பாவை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். கலகலக்கவில்லை, அப்படியானால் உள்ளே உடையவில்லை. சூடு பார்க்கும் கருவியை நீட்டினேன். ஒழுங்காக வேலை செய்தால் புகை வெளியேறும் பக்கம்தான் அதிகம் சுடவேண்டும். இங்கே நுழையும் பக்கம் கொதித்தது, வெளியேறும் பக்கம் ஆறிக் கிடந்தது. கரி அடைத்திருந்தது.

ஏன் அடைத்தது என்பதுதான் பிடிபடவில்லை.

கதவோரம் ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, என் கையெழுத்துதான். வாரத்துக்குப் பத்து வெள்ளைக் கார் வருகிறது, எதையென்று நினைவில் வைத்துக்கொள்வது? ஸ்டிக்கரில் எழுதியிருந்த கிலோமீட்டரை மீட்டரில் இருந்ததிலிருந்து கழித்துப் பார்த்தேன். எட்டு.

அவர் வீடு நாலு கிலோமீட்டர். அன்று திரும்பிப் போனது நாலு, இன்று வந்தது நாலு.

"ஓட்டவே இல்லையா சார்?"

"ஓட்டலை. ஆனா ஒரு நாள் விடாம ஸ்டார்ட் பண்ணிடுவேன்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நிமிடம் பிசகாமல் சொல்வார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

கார் அவருடையது இல்லை, மகளுடையது. மூன்று மணி நேரத் தூரத்து ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் இவர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். என்ன வார்த்தை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் காரை வாசலிலேயே விட்டுவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. காரை தினம் ஸ்டார்ட் பண்ணுங்க, இல்லைன்னா பேட்டரி போயிடும்.

அதன் பிறகு தினமும் அதே கேள்வி. ஸ்டார்ட் பண்ணியாச்சா? அதே பதில். பண்ணியாச்சு. விரலால் தள்ளத் தள்ள அதுவே வந்தது. சாப்பிட்டாயா என்று அவரும் கேட்கவில்லை, உடம்பு எப்படி என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு வருடம்.

ஏழுக்கு முன்பே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிடுவாராம். செய்தி வந்த பிறகுதான் அணைப்பாராம். சில நாள் பத்து நிமிடம். அவள் அசந்து தூங்கிவிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம்.

நின்ற இடத்திலேயே உறுமும் வண்டி முழுச் சூடு ஏறாது. சூடு ஏறாமல் கரி எரியாது. பாவம், பார்த்துப் பார்த்துக் கெடுத்திருக்கிறார்.

நல்லவேளை, முழுக்க அடைபடவில்லை, நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக ஒருமுறை ஓட்டினால் வழிவிடும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இனிமேல் தினம் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உறை போட்டு மூடிவிடுங்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் போனைப் பார்த்தபடியே இருந்தார்.

"அப்புறம் அவ எதைக் கேப்பா, தம்பி?"

சர்வீஸ் புத்தகத்தில் எதையாவது எழுதுவோம் என்று வண்டியை இறக்கி, முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைத் திறந்தேன்.

புத்தகத்தின் மேல் ஒரு ஸ்பானர் கிடந்தது. பத்தாம் நம்பர். வாலில் பச்சை பெயின்ட்.

இதற்காகத்தான் டயர் கடைக்காரனைச் சந்தேகப்பட்டு ஆறு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. ஆயில் மாற்றி முடித்ததும் கேட்டாள், வெளியூர் வேலைக்குப் போகிறேன், கார் வீட்டில் ரொம்ப நாள் நிற்கப்போகிறது, என்ன செய்யணும் என்று. பேட்டரி ஒயரைக் கழற்றினால் போதும், நிறுத்தி வைத்துத் தினம் ஸ்டார்ட் மட்டும் பண்ணாதே, அதுதான் வண்டியைக் கெடுக்கும் என்று இரண்டு தடவை சொன்னேன். அப்பாவுக்கு இதெல்லாம் வராது, நானே கழற்றிவிட்டுப் போகிறேன் என்று என் கையிலிருந்தே இந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் கையில் அதைக் கொடுத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்தக் காலத்தில் எடைக்கல்லைப் பார்த்தது போல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"கரி எரியணும்னா எவ்வளவு நேரம் ஓட்டணும்?"

"நிக்காம ஒரு மணி நேரம் போதும் சார்."

"மூணு மணி நேரம் ஓட்டினா ஒண்ணும் ஆகாதே?"

ஒன்றும் ஆகாது என்றேன். டயர் கடைக்காரன் அதற்குள் வந்து தன் ஸ்பானரை வாங்கிப் போயிருந்தான். கழற்றின தகட்டைப் பூட்டுவதற்காக அவரிடம் கை நீட்டினேன்.

அவர் தரவில்லை. சட்டைப் பையில், போனுக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டார்.

நான் மறுபடியும் டயர் கடைக்கு நடந்தேன்.