முன்னால இருந்தவன்

ஒரு பழைய வேனில் கீல் தேய்ந்து, கதவு ஒரு விரற்கடை தொங்கிவிட்டது. அதனால் பூட்டின் நாக்கு குழியில் சரியாக விழவில்லை. ஏறியவர்களெல்லாம் "பூட்டு சரியில்ல" என்று திட்டிக்கொண்டே கதவை ஓங்கி ஓங்கி அறைந்து சாத்தினார்கள். அடிவாங்கியே பூட்டின் நாக்கு மழுங்கிப்போனது.

கடைசியில் மெக்கானிக் பூட்டைக் கழற்றித் தரையில் வீசினார்.

"அண்ணே, தேஞ்சது நீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கீலைக் கேட்டது பூட்டு.

"சொன்னா என்னையில்ல கழட்டுவாங்க" என்றது கீல்.

புதுப் பூட்டை மாட்டினார்கள். அதுவும் பொருந்தவில்லை. மெக்கானிக் கதவை ஓங்கி அறைந்தார். வலியில் புதுப் பூட்டு முனகியது.

கீல் கரிசனமாகச் சொன்னது: "பொறுத்துக்க தம்பி. முன்னால இருந்தவன் கதவையே கெடுத்து வச்சுட்டுப் போயிட்டான்."