இடது கன்னம்

முதல் போஸ்டரில் மச்சம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின் மேல் இருக்க வேண்டியது. மார்க்கர் மையைத் தாள் குடித்துவிட, மிளகளவு வைத்த புள்ளி சுண்டைக்காய் அளவுக்கு ஊறியிருந்தது.

அடுத்ததில் சரியாக வைத்தாள்.

காணவில்லை. தங்கபுஷ்பம், வயது அறுபத்தேழு, ஞாபக மறதி உள்ளவர். கீழே மகன் ஜெபராஜின் செல் நம்பர். திருநெல்வேலி முழுக்க முந்நூறு தாள், நேற்றுக் காலையிலேயே ஒட்டியாகிவிட்டது.

போஸ்டரை வடிவமைத்தவள் அவள்தான்.

ஜெபராஜ் கொடுத்தது மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம். மானிட்டரில் தெரிவது ஒன்று, தாளில் விழுவது ஒன்று. போஸ்டர் அடிக்கும் அச்சகத்து மெஷினில் சிவப்பு தூக்கலாக விழும். மாநிற முகம் செங்கல்லாகிவிடும். அதனால் மஞ்சளை எடுத்தாள், சிவப்பைக் குறைத்தாள், நிழலை வெளுக்கவைத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

நடுவில் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது.

பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண ஆல்பம் செய்கிற கை. முகத்தைப் பெரிதாக்கியதும் பரு, தழும்பு, மச்சம் என்று துடைத்துக்கொண்டே போகும். யாரையும் கேட்காது.

வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது ஜெபராஜும் கவனிக்கவில்லை. "அம்மா பளிச்சுன்னு இருக்காங்கக்கா" என்று பதில் போட்டான்.

இன்று காலை பழைய படத்தைத் திறந்தபோதுதான் போஸ்டரில் மச்சம் இல்லாததைப் பார்த்தாள். அவனிடம் சொல்லத் துணிவில்லை. மார்க்கரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

ஜங்ஷனை முடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது நாற்பத்தோராவது மச்சம்.

பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னம்மா, அவங்களுக்கு மச்சம் உண்டா?"

தலையாட்டினாள்.

"அடப் பாவமே. நேத்து சாயங்காலம் இங்கனதான உக்காந்திருந்தாங்க. போஸ்டரயும் மூஞ்சியயும் மாத்தி மாத்திப் பாத்தேன். மூஞ்சில மச்சம் இருந்துச்சு, போஸ்டர்ல இல்ல, சரி வேற ஆளுன்னு விட்டுட்டேன். தூத்துக்குடி போணும்னாங்க. நாந்தான் கையப் புடிச்சு பஸ்ல ஏத்திவிட்டேன்."

நல்ல மனுஷர். தண்ணீர் பாட்டில்கூட வாங்கிக் கொடுத்தாராம்.

அவள் போனை எடுத்து ஜெபராஜுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஜெபராஜ், உடனே தூத்துக்குடிக்குக் கெளம்புங்க. அம்மாவ நேத்து பஸ் ஏத்திவிட்டவரு இங்க இருக்காரு."

மச்சத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மறுமுனையில் அவன் அழத் தொடங்கிவிட்டான்.

"கர்த்தர்தான்க்கா ஒங்கள அனுப்பி வச்சிருக்காரு."

அவள் மார்க்கரை மூடிப் பையில் போட்டாள்.

"குடும்மா, மச்சத்தப் பாத்து நான் ஏமாந்தத நானே சொல்றேன்" என்று கொய்யாக்காரர் போனுக்குக் கை நீட்டினார்.

கொடுத்தாள்.