வீட்டுக்கு வந்த பாடகி

"நேத்து நம்ம வீட்டுல ஒரு பாடகி பாடினா பாரு, ஒழுகிக்கிட்டிருந்த குழாயே ஒழுகறதை நிறுத்திட்டுக் கேட்டுச்சு!" என்றார் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர்.

"அளந்தது போதும். நேத்து முழுக்க நான் வீட்டுலதான் இருந்தேன். ஒரு ஈ காக்கா வரலை," என்றாள் மனைவி, கம்மிய குரலில். அவள் பாட்டு டீச்சர். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுதான் திரும்பியது. பாட்டு போயே போச்சு என்று முடிவுகட்டி, தன்னிடம் படிக்கும் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் அனுப்பப் போனை எடுத்திருந்தாள்.

"முதல்ல இதைக் கேளு, டீச்சரம்மா."

பழைய கேசட்டிலிருந்து நேற்று அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிய பாட்டு ஓடியது. கூடவே பாத்திரங்கள் உருளும் சத்தமும் கேட்டது.

"என்னங்க இது, கடமுடன்னு?"

"டேப்புலேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஒயரை மாட்ட மறந்துட்டேன். கம்ப்யூட்டர் மைக், வீட்டுல கேட்ட சத்தம் அத்தனையையும் பிடிச்சிருச்சு."

அப்போது கேசட் பாடகியோடு கனமான இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. உச்சத்தில் பாடகியே மூச்சு வாங்க, அது அலுங்காமல் நின்றது.

"யாருங்க இவ? நல்லாப் பாடறாளே!"

"நேத்து பாத்திரம் தேய்ச்சது யாரு?"

அவள் கை தொண்டைக்குப் போனது. மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள்.

"ரெண்டாவது வரியில சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றாள். "ஆனா, பாடினது நான்தாங்க."