இரண்டாவது கன்ட்ரோலர்

பியூலாவின் தம்பி மாற்றி ஏற்றிய மென்பொருளோடு அந்த வீடியோ கேம் பெட்டி அவள் வீட்டில் ஓயாமல் ஹேங் ஆனது. மெக்கானிக் செல்வினின் மேசையில் ஒருதடவைகூட ஆகவில்லை. “அவன் போட்டத மட்டும் அழிச்சிராதீங்கண்ணே,” என்று மறுபடியும் தூக்கிவந்தாள். அப்போதுதான் செல்வினுக்குப் பொறி தட்டியது. சோதிக்கும்போது அவன் எப்போதும் அவள் கொண்டுவரும் இரண்டு கன்ட்ரோலரையும் சொருகிவிடுவான்.

ஒன்றைப் பிடுங்கினான். படம் அப்படியே நின்றது. சொருகினான். ஓடியது.

“வீட்ல ஒண்ணுதான் சொருகுறீங்களா?”

“தம்பி செத்தப்புறம் நான் மட்டுந்தானே ஆடுறேன்.”

“இனிமே ரெண்டையும் சொருகியே வைங்க.”

வயரைச் சுற்றிக் கட்ட, பக்கத்துக் காலி நாற்காலியில் கிடந்த இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தான். இதுவரை யாருமே கையில் பிடிக்காத அதன் பிடி வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது.

“அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும்ண்ணே,” என்றாள் பியூலா. “தொடைக்காதீங்க.”